வளர்த்த கோழியா, வாங்கிய கோழியா? பழனி மலையில் ஒரு கறிக் கணக்கு

வீட்டில் வளர்த்த சேவலை அறுக்க மனசு வராமல் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, அவர்கள் சேவலை வாங்கிக் குழம்பு வைக்கும் வீடுகள் நம் ஊர்களில் உண்டு. இரண்டு சேவலும் செத்ததுதான், இரண்டு குழம்பும் கொதித்ததுதான். ஆனாலும் "வளர்த்த கையால அறுக்கல" என்ற நிம்மதி இரண்டு வீட்டுக்கும் கிடைத்துவிடுகிறது. இதற்கு நேர் எதிரான பேச்சும் இப்போது கேட்கிறது. "கடைக்கறி சாப்பிடுறதுதான் பாவம். நாமே வளர்த்து நாமே அறுத்துச் சாப்பிட்டா தப்பில்ல." கொடைக்கானல் இருக்கும் இந்தப் பழனி மலைத்தொடரில், பண்ணைக்காட்டிலோ தாண்டிக்குடியிலோ கொஞ்சம் நிலம் வாங்கி மலையேறி வருகிறவர்கள் வாயில் இது அடிக்கடி வரும்.

முதல் பேச்சு உறவைப் பார்க்கிறது, இரண்டாவது பொறுப்பைப் பார்க்கிறது. இரண்டுமே மனிதனின் மனசாட்சியைப் பற்றியவை. கோழிக்கு என்ன நடந்தது என்பதை இரண்டும் கேட்கவில்லை. இந்தக் கட்டுரை அதைத்தான் கேட்கிறது. கறியே உண்ணக்கூடாது என்பது வேறொரு பெரிய வாதம், அதற்கு இங்கே இடமில்லை. கறி சாப்பிடுவது என்று முடிவு செய்துவிட்ட வீட்டுக்கு, எது குறைந்த கெடுதல் என்று கணக்குப் பார்க்கும் வழிதான் இது.

எந்தக் கறியைப் பற்றியும் மூன்று கேள்விகள் கேட்கலாம். உயிரோடு இருந்த நாட்களில் அது எப்படி இருந்தது? எப்படிச் செத்தது? அதை வளர்த்ததால் சுற்றியுள்ள நிலம், காடு, மற்ற உயிர்கள், வேலை செய்தவர்கள் மேல் என்ன விழுந்தது? இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் வாதம் முடிவதே இல்லை. ஒரு கோழி நன்றாக வாழ்ந்து மோசமாகச் சாகலாம். மோசமாக வாழ்ந்தது சட்டென்று சாகலாம். இரண்டும் நன்றாக அமைந்தும், அதன் கழிவால் ஊருக்குள் சிறுத்தை வரலாம்.

"நான் கொல்லவில்லையே, வாங்கத்தானே செய்தேன்" என்பது பழைய சமாதானம். தனக்காகக் கொன்றதைக் காணாமல், கேட்காமல், சந்தேகமும் இல்லாமல் இருந்தால் பிச்சைப் பாத்திரத்தில் விழுந்த இறைச்சியை ஏற்கலாம் என்பது பௌத்தத் துறவிகளுக்கான விதி. உண்பதற்காக உலகம் கொல்லாதிருந்தால் விலைக்கு ஊன் தருவார் எவரும் இருக்கமாட்டார் என்கிறது 256ஆம் குறள். கோழிக்கடைக் கணக்கு குறள் பக்கம்தான் நிற்கிறது. இந்த வாரம் எத்தனை கிலோ விற்றதோ அதைப் பார்த்துத்தான் அடுத்த வார லோடுக்குச் சொல்கிறார்கள். வாங்குகிறவர் அடுத்த கோழிக்கு ஆர்டர் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வதே நேர்மை.

கடைக்கோழி மலையேறும் விதம்

கொடைக்கானல் கடைகளில் விற்கும் பிராய்லர் பெரும்பாலும் கீழேயிருந்து வருவது. பல்லடம், உடுமலை வட்டாரப் பண்ணைகளில் ஒப்பந்த முறை நடக்கிறது. கம்பெனி குஞ்சு, தீவனம், மருந்து தரும். விவசாயி கொட்டகை, தண்ணீர், கரண்ட், உழைப்பு தருவார். கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக்கூலி. நாற்பது, நாற்பத்தைந்து கிராமில் இறங்கும் குஞ்சு 35 முதல் 42 நாளுக்குள் இரண்டு கிலோ ஆகிறது. ஒரு கிலோ உயிர் எடைக்குத் தீவனம் ஏறக்குறைய 1.6 கிலோ. ஒரு கோழிக்கு ஒரு சதுர அடி இடம்.

இந்த வேகத்தைப் பார்த்துத்தான் "ஹார்மோன் ஊசி போட்ட கோழி" என்ற பேச்சு ஊரெல்லாம் பரவியது. அது சரியல்ல. ஆயிரக்கணக்கான கோழிகளுக்கு ஒவ்வொன்றாக ஊசி போடுவது கட்டுப்படியும் ஆகாது, தேவையும் இல்லை. தலைமுறை தலைமுறையாக வேகமாக வளர்பவற்றையே தேர்ந்தெடுத்து இனவிருத்தி செய்ததன் விளைவு அது. உண்மையான குறை வேறு இடத்தில் இருக்கிறது. சதை வளரும் வேகத்துக்குக் காலும் இதயமும் ஈடுகொடுப்பதில்லை. கடைசிப் பத்து நாளில் கோழி பெரும்பாலும் உட்கார்ந்தே கிடக்கும். கீழே உள்ள கூளம் ஈரமாகி அமோனியா ஏறியிருந்தால், உட்காரும் இடம் வெந்துபோகும். கடையில் உயிரோடு நிற்கும் கோழியின் கால் மூட்டின் பின்பக்கத்தைப் பாருங்கள். பழுப்பாகவோ கறுப்பாகவோ காய்ப்பு மாதிரி ஒரு தழும்பு இருந்தால், அது ஈரக் கூளத்தில் கிடந்த கோழி. வளர்த்த விதத்தைச் சொல்லும் முத்திரை அது. ஆனால் காலை வெட்டி எறிந்துவிட்டுத்தான் கறியை நம் கையில் தருகிறார்கள்.

பிறகு பயணம். பழனி வழியாகவோ வத்தலக்குண்டு வழியாகவோ, கொண்டை ஊசி வளைவுகளில், பிளாஸ்டிக் பெட்டிகளில் அடுக்கி ஏற்றுகிறார்கள். கீழே முப்பது டிகிரிக்கு மேல் பழகிய உடம்பு, சில மணி நேரத்தில் பன்னிரண்டு டிகிரிக் குளிரில் நிற்கிறது. மழைக்காலத்தில் தார்ப்பாய் சரியாக மூடாத வண்டியில் நனைந்து வரும் கோழிகள் கடைக்கூண்டில் நடுங்கிக்கொண்டு ஒன்றன்மேல் ஒன்று ஏறும். கடைசியில் காலைக் கட்டித் தலைகீழாகத் தராசில் தொங்கவிட்டு, கழுத்தை அறுத்து டிரம்முக்குள் போட்டுவிடுவார்கள்.

கடைக்கோழிக்கு இரண்டு விஷயங்கள் சாதகம். தினம் நூறு கோழி அறுக்கும் கை தடுமாறாது, கத்தி எப்போதும் கூராக இருக்கும். ஒரு கிலோ கறிக்குச் செலவாகும் சோளமும் சோயாவும் வீட்டுக்கோழியைவிட மிகக் குறைவு. இந்த இரண்டாவது விஷயத்தைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. அதனால் கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

வாரம் ஒரு கிலோ கறி

நாலு பேர் உள்ள வீட்டுக்கு வாரம் ஒரு கிலோ கோழிக்கறி. வருடத்துக்கு 52 கிலோ. இரண்டு கிலோ பிராய்லரில் தோலுரித்த கறி 1.3 முதல் 1.4 கிலோ வரும். ஆகவே வருடத்துக்குச் சுமார் 38 கோழி. அவை தின்பது ஒவ்வொன்றும் 3.2 கிலோ என்று வைத்தால் மொத்தம் 120 கிலோ தீவனம்.

நாட்டுக்கோழி ஐந்து மாதத்தில் 1.3, 1.4 கிலோ ஆகும். கறி 900 கிராம். அப்படியானால் வருடத்துக்கு 58 கோழி. ஒவ்வொன்றும் ஐந்து மாதம் நிற்கிறது என்பதால் எந்த நாளிலும் 24 கோழிகள் வளர்ந்துகொண்டிருக்க வேண்டும். அடைக்கு நாலைந்து பெட்டை, ஒரு சேவல். முழுக்கத் தீவனம் போட்டால் கறிக்கோழி ஒன்றுக்கு ஆறேழு கிலோ, தாய்க்கோழிக்கு வருடத்துக்கு 40 கிலோ. எல்லாம் சேர்த்து 550 முதல் 600 கிலோ. மேய்ச்சல் நன்றாக இருந்தால் இதில் ஒரு பகுதி மிச்சமாகும். ஆனால் பூம்பாறை, மன்னவனூர் போன்ற உயரங்களில் பனியும் மூடுபனியும் உள்ள மாதங்களில் கோழி காலையில் வெளியே இறங்கவே தயங்கும். புழு பூச்சியும் குறைவு. கீழ்ப்பகுதியில் காப்பித் தோட்ட நிழலில் மேயும் கோழிக்கு உள்ள வசதி மேலே கிடையாது.

அந்தச் சோளமும் சோயாப் புண்ணாக்கும் இந்த மலையில் விளைவதில்லை. பிராய்லர் தின்கிற அதே சரக்கு அதே லாரியில் மலையேறி வருகிறது. "எங்க வீட்டுக் கோழி இயற்கை" என்று சொல்லும்போது அது நாலைந்து மடங்கு அதிகமாகத் தின்றது என்பதும் கூடவே வருகிறது. உயிர்க் கணக்கிலும் 38க்குப் பதில் 58. இதற்கு ஈடாகக் கிடைப்பது 40 நாளுக்குப் பதில் 150 நாள் வாழ்க்கை, அதுவும் மண்ணைக் கிளறி, வெயில் காய்ந்து, மரக்கிளையில் ஏறி. எங்கள் தராசில் இந்தப் பக்கம்தான் கனமாக இருக்கிறது. ஆனால் அந்த 150 நாளும் நல்ல நாட்களாக இருந்தால்தான் அந்தக் கனம்.

நல்ல நாட்கள் தானாக வருவதில்லை

வீட்டு வளர்ப்பில் பாவம் சேரும் இடம் கத்தி அல்ல, முதல் நான்கு வாரம். முறையான கவனிப்பு இல்லாத வீட்டில் பத்துக் குஞ்சில் பாதி தேறினாலே பெரிது என்று சாதாரணமாகச் சொல்கிறார்கள். செத்த பாதி குளிரிலோ, கழிச்சலிலோ, கீரி வாயிலோ செத்தது. பண்ணையில் இப்படிப் பாதி செத்தால் ஊரே பேசும். வீட்டில் செத்தால் எருக்குழியில் போட்டுவிட்டுப் போய்விடுகிறோம்.

அடைக்கோழியிடம் விட்டால் வேலை குறைவு. பத்துப் பன்னிரண்டு முட்டைக்கு மேல் வைக்கக்கூடாது. ஓரத்து முட்டைக்கு உடம்புச் சூடு போய்ச் சேராது. 21 நாளில் பொரிக்கும். மலையில் மாசி, பங்குனியில் பொரிக்கும்படி வைப்பது நல்லது. ஐப்பசி மழையிலும் மார்கழி உறைபனியிலும் பொரித்த குஞ்சுகளைத் தேற்றுவது கடினம்.

குஞ்சு வாங்கி வளர்த்தால் தாயின் வேலையை விளக்கு செய்ய வேண்டும். 25 குஞ்சுக்கு ஒன்றேகால் மீட்டர் குறுக்களவில் அட்டையாலோ தகரத்தாலோ வட்டத் தடுப்பு. தரையில் மூன்று அங்குலம் உலர்ந்த மரத்தூள் அல்லது நெல் உமி, முதல் சில நாளுக்கு மேலே காகிதம். சூடு முதல் வாரம் 35 டிகிரி, பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் குறைக்கலாம். கீழ்நாட்டில் ஒரு குஞ்சுக்கு இரண்டு வாட் விளக்கு என்று சொல்வார்கள். இங்கே இரவு எட்டு டிகிரிக்குப் போகும்போது அது போதாது. இரண்டு மடங்கு வைத்து, விளக்கை ஏற்றி இறக்கிச் சரிசெய்வதே வழி. எல்இடி பல்பு வெளிச்சம்தான் தரும், சூடு தராது. பழைய குண்டு பல்போ சூட்டு விளக்கோ வேண்டும்.

வெப்பமானி இல்லாவிட்டாலும் குஞ்சே சொல்லும். இரவு பத்து மணிக்குப் போய்ப் பாருங்கள். விளக்கடியில் குவியலாக ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கீச்சுக்குரலில் கத்தினால் குளிர். அடியில் உள்ளது நசுங்கிச் சாகும். விளக்கைவிட்டு விலகித் தடுப்பு ஓரத்தில் வாயைத் திறந்து நின்றால் சூடு அதிகம். ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றால் எதிர்ப் பக்கத்தில் எங்கோ காற்றுச் சந்து இருக்கிறது. வட்டம் முழுக்கப் பரவி, சில தூங்கி, சில கொத்திக்கொண்டிருந்தால் சரி. காற்று மழையில் கரண்ட் போகும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். கரிச்சட்டி வைப்பவர்கள் மேலே புகை வெளியேற வழி விட வேண்டும். மூடிய அறையில் கரிப்புகை குஞ்சை மட்டுமல்ல, ஆளையும் கொல்லும்.

நோயில் முக்கியமானது வெள்ளைக்கழிச்சல், அதாவது ராணிக்கெட். வந்தபின் மருந்து கிடையாது. ஏழாம் நாளுக்குள் கண்ணிலோ மூக்கிலோ தடுப்பு மருந்து ஒரு சொட்டு, நாலாவது வாரம் மறுபடி லசோட்டா என்ற தடுப்பு மருந்து, எட்டாவது வாரம் இறக்கையில் ஊசி. தடுப்பு மருந்தைக் குளிரில் கொண்டுவர வேண்டும், கலந்தபின் இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். பத்துக் கோழிக்கு நூறு டோஸ் குப்பியா என்று யோசிப்பவர்கள் நாலு வீடு சேர்ந்து ஒரே நாளில் போடலாம். கால்நடை மருந்தகத்தில் முன்கூட்டியே சொல்லி வைத்தால் ஏற்பாடாகும். அடுத்தது ரத்தக்கழிச்சல், ஈரக் கூளத்தில் பரவுவது. மூடுபனி இறங்கும் ஊரில் கூளம் தானாகவே நமுத்துவிடும். கையில் ஒரு பிடி அள்ளி இறுக்கிவிட்டுத் திறங்கள். உதிர்ந்தால் நல்லது, உருண்டையாக நின்றால் அன்றைக்கே மாற்ற வேண்டும். சோளம் பூசணம் பிடித்திருந்தால் "கோழிதானே" என்று போடாதீர்கள். அந்த நஞ்சு ஈரலைக் கெடுத்து மெதுவாகக் கொல்லும்.

மருந்து விஷயத்தில் வீட்டுக்காரர்கள் தங்களை நல்லவர்கள் என்று நினைத்துக்கொள்வது தவறு. தீவனக் கடையில் ஒரு பொட்டலம் ஆன்டிபயாடிக் வாங்கித் தண்ணீரில் கலந்து கொடுத்துவிட்டு, மூன்றாம் நாள் அந்தக் கோழியையே குழம்பு வைக்கும் வீடுகள் இருக்கின்றன. மருந்து உடம்பைவிட்டு வெளியேறும்வரை எத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்று அட்டையில் போட்டிருப்பார்கள். கொலிஸ்டின் என்ற மருந்தை உணவுக்கான விலங்குகளுக்குக் கொடுப்பதை இந்திய அரசு 2019இல் தடை செய்தது. மனிதனுக்குக் கடைசிக் கட்டத்தில் கொடுக்கும் மருந்து அது என்பதே காரணம். அந்தக் கவலை பண்ணைக்கு உள்ள அளவு வீட்டுக்கும் உண்டு.

தெருவில் சாயம் பூசி விற்கும் குஞ்சுகளைப் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுத்து வளர்ப்பைத் தொடங்காதீர்கள். அவை பெரும்பாலும் முட்டைக்கோழி இனத்துச் சேவல் குஞ்சுகள். முட்டையிடாது, கறியும் வைக்காது என்று பொரிப்பகங்கள் முதல் நாளே ஒதுக்கிவிடுபவை. பல நாலு நாள் தாண்டாது.

முயலும் ஆடும்

குளிர் முயலுக்கு ஒத்துப்போகும், முப்பது டிகிரிக்கு மேல்தான் அதற்குத் திணறல். மன்னவனூரில் இருக்கும் மத்திய செம்மறியாடு, கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல நிலையத்தில் ஆடுகளோடு சோவியத் சின்சில்லா, வெள்ளை ஜெயன்ட் முயல்களையும் வளர்க்கிறார்கள். சினை 30, 31 நாள். ஒரு ஈற்றில் ஆறு முதல் எட்டுக் குட்டி. மூன்று மாதத்தில் இரண்டு கிலோ. காய்கறித் தோட்டக் கழிவு கிடைக்கும் வீட்டுக்கு நல்ல யோசனையாகத் தோன்றும். ஆனால் முட்டைக்கோஸின் வெளி இலைதான் மருந்து அதிகம் பட்ட இலை. எந்த மருந்து, எந்த நாள் அடித்தது என்று தெரியாத தோட்டத்து இலையைப் போடக்கூடாது. பனித்துளியோடு அறுத்த புல்லை அப்படியே போட்டால் வயிறு உப்பிச் சாகும். முதல் நாள் மாலையே அறுத்து, விரித்து வாட வைத்துக் கொடுக்க வேண்டும். காதுக்குள் பொருக்குக் கட்டித் தலையைச் சாய்த்துக்கொண்டிருந்தால் காதுச் சொறி, மருத்துவரிடம் காட்டினால் எளிதில் தீரும், விட்டால் மாதக்கணக்கில் வதை.

ஒரு எச்சரிக்கை. வளர்ப்பு முயல் வேறு, புல்வெளியில் ஓடும் காட்டு முயல் வேறு. காட்டு முயலையோ காட்டுக்கோழியையோ பிடிப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

ஆடு கூட்டத்துப் பிராணி. ஒற்றையாகக் கட்டிப்போட்டால் நாள் முழுக்கக் கத்தும், தீனி எடுக்காது. குறைந்தது இரண்டு. துள்ளுமாரி என்ற குடல் நோய்க்கு மழைக்கு முன் வருடா வருடம், ஆட்டுக்கொல்லி நோய்க்கு மூன்று மாதம் கடந்த குட்டிக்கு ஒரு ஊசி. தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் பட்டர் ஃப்ரூட் மரம் நிறைய. அதன் இலையும் பட்டையும் காயும் ஆடு, முயல், கோழி மூன்றுக்கும் நஞ்சு. பால் கொடுக்கும் ஆட்டுக்கு மடி வீங்கிப் பால் நிற்கும், அதிகம் தின்றால் இதயம் பாதிக்கும். கவாத்து செய்த கிளையை ஆட்டுப்பட்டி ஓரம் குவிப்பதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. உண்ணிச்செடியும் அப்படியே, ஈரல் கெட்டு, வெயில் பட்ட தோல் வெந்து உரியும்.

கத்திப் பக்கம்

வீட்டில் அறுப்பவர்களிடம் உள்ள பெரிய குறை பயம். பயந்த கை தயங்கும், தயங்கிய வெட்டு பாதியில் நிற்கும். அதனால் கருவியும் முறையும் முதலிலேயே தயாராக இருக்க வேண்டும்.

முதல் நாள் மாலையோடு தீனியை நிறுத்தி, தண்ணீரை மட்டும் வையுங்கள். தீனிப்பை காலியாக இருந்தால் சுத்தம் செய்வது எளிது. இருட்டிலேயே, மற்ற கோழிகள் கலவரப்படாமல், இரண்டு கையாலும் இறக்கையோடு சேர்த்து அணைத்துத் தூக்குங்கள். காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிடாதீர்கள். தகரத்தில் ஒரு புனல் செய்து சுவரில் அடித்திருந்தால் பாதி வேலை முடிந்தது. மேல்வாய் எட்டு அங்குலம், கீழ்வாய் நாலு அங்குலம், உயரம் பத்து அங்குலம். கோழியைத் தலை கீழே வரும்படி இறக்கினால் இறக்கை ஒடுங்கி அடங்கிவிடும். தாடைக்குச் சற்றுக் கீழே, கழுத்தின் இரண்டு பக்க ரத்தக் குழாயும் அறும்படி ஒரே இழுப்பு. ஒரு பக்கம் மட்டும் அறுந்தால் நினைவு போக நேரமாகும், அதுதான் வதை. இரண்டும் சரியாக அறுந்தால் சில நொடிகளில் தலை தளரும். அதற்குப் பிறகு வரும் படபடப்பு நரம்புத் துடிப்பு. புதிதாகப் பார்ப்பவர்கள் இதைக் கண்டு மிரண்டு இரண்டாவது முறை வெட்டப் போவார்கள், வேண்டாம். இமைக்குள் விழியை விரல்நுனியால் தொட்டால் இமைக்கக்கூடாது. இரண்டு நிமிடம் முழுக்கப் பொறுத்து, மூச்சு நின்றது என்று உறுதியான பிறகுதான் வெந்நீர்.

வெந்நீரில் ஒரு மலைக் கணக்கு உண்டு. கொடைக்கானல் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். இறகு பிடுங்க வேண்டியது 62 முதல் 65 டிகிரி, முக்கால் நிமிடம். கொதிக்கும் நீர் இரண்டு பங்கு, குழாய் நீர் ஒரு பங்கு கலந்தால் ஏறக்குறைய சரியாக வரும். கீழே பழகிய அளவில் பாதிக்குப் பாதி கலந்தால் இங்கே ஆறிப்போய் இறகு வராது. நாட்டுக்கோழியை அறுத்த உடனே குழம்பில் போட்டால் ரப்பர் மாதிரி இருக்கும். விறைப்பு தளர ஆறு மணி நேரமாவது குளிர்ச்சியில் வைத்துவிட்டுச் சமைக்கலாம்.

ஆட்டை வீட்டில் முதல் முறையாக நீங்களே அறுக்காதீர்கள், தெரிந்த ஆளைக் கூப்பிடுங்கள். நகராட்சி எல்லைக்குள் உரிமம் பெற்ற இறைச்சிக்கூடத்தில்தான் அறுக்க வேண்டும் என்கின்றன 2001ஆம் ஆண்டு இறைச்சிக்கூட விதிகள். சினை ஆடு, மூன்று மாதத்துக்குட்பட்ட குட்டி, மூன்று மாதத்துக்குட்பட்ட குட்டி உள்ள தாய் ஆகியவற்றை அறுக்கக்கூடாது, ஒரு பிராணியின் கண்முன் இன்னொன்றை அறுக்கக்கூடாது என்பதும் அவற்றில் உண்டு. எல்லைக்கு வெளியே இருப்பவர்களுக்கும் இவை நல்ல அளவுகோல்தான். கோயிலில் கிடாயின் மேல் மஞ்சள் தண்ணீர் தெளித்து, அது உடம்பைச் சிலிர்க்கும்வரை காத்திருக்கும் வழக்கம் உண்டு. குளிர்ந்த நீர் பட்டால் எந்த ஆடும் சிலிர்க்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் கேட்காமல் வெட்டக்கூடாது என்று நினைத்த யாரோ தொடங்கிய வழக்கம் அது. அந்தச் சில நிமிடத்தில் ஆடும் ஓரளவு அடங்குகிறது, கத்தி பிடித்தவரும் அடங்குகிறார்.

காட்டின் பங்கு

மூன்றாவது கேள்வியைக் கீழ்நாட்டுக்காரர்கள் தள்ளிவைக்கலாம், இங்கே முடியாது. கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் 2013இல் அறிவிக்கப்பட்டது. பல கிராமங்களுக்குக் காடு வேலிக்கு அந்தப் பக்கம்தான். ஒன்றரைக் கிலோ கோழியில் இறகு, குடல், ரத்தம் என்று அரைக் கிலோ கழிவு வரும். அதைச் சரிவில் வீசினால் முதலில் தெருநாய், பிறகு காட்டுப்பன்றி, நாயைத் தேடிச் சிறுத்தை. மூன்றடி ஆழக் குழி, கழிவின் மேல் மரத்தூளோ சருகோ ஒரு தட்டு, அதற்கு மேல் மண், மண்ணுக்கு மேல் பன்றி புரட்ட முடியாத கனத்தில் கல். ரத்தத்தை ஓடையில் கழுவிவிடாதீர்கள், கீழே யாரோ குடிக்கிறார்கள்.

கூண்டுக்குக் கோழிவலை போதாது, கீரியும் மரநாயும் அதைக் கிழித்துவிடும். அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ், அதாவது பற்றவைத்த கம்பிவலை, தரைக்குள் ஓரடி இறக்கி. ஆட்டுக்கொட்டிலுக்கு மேல்கூரையும் தாழ்ப்பாளும். திறந்த பட்டிக்குள் இறங்கிய சிறுத்தை ஒரு ஆட்டோடு நிற்பதில்லை. அதற்குப் பிறகு நடப்பதுதான் மோசம். கோபத்தில் செத்த ஆட்டின் மேல் விஷம் தெளிப்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு தாழ்ப்பாள் போடாததற்கு ஒரு சிறுத்தையின் உயிர் என்று அந்தக் கணக்கு முடிகிறது. சோலைக் காட்டு ஓரப் புல்வெளியில் தடுப்பூசி போடாத ஆடு மாடுகளை மேய்ப்பதும் இதில் சேரும். கோமாரி, ஆட்டுக்கொல்லி நோய் போன்றவை காட்டுமாட்டுக்கும் வரையாட்டுக்கும் தொற்றக்கூடியவை.

வாங்குவதிலும் வேலை இருக்கிறது

மேலே சொன்ன வேலைக்கெல்லாம் நேரமோ இடமோ இல்லாதவர் வாங்கிச் சாப்பிடுவதே மேல். அரைகுறையாக வளர்ப்பதைவிட அது கெடுதல் குறைவு. ஆனால் கேட்டு வாங்கலாம். "அண்ணே, லோடு எப்ப வந்துச்சு? தண்ணி வெச்சீங்களா?" என்று வாராவாரம் கேட்கும் நாலு வாடிக்கையாளர் போதும், கூண்டில் தண்ணீர்த் தட்டு வந்துவிடும். லோடு இறங்கிய உடனே வாங்காமல் சில மணி நேரம் ஓய்ந்தபின் வாங்கலாம். டிரம்மில் போடாமல் புனலில் அறுக்கச் சொல்லலாம். செலவு ஒரு தகரத் துண்டு. "நாட்டுக்கோழி" என்று சொல்வதில் பல வனராஜா, கிரிராஜா மாதிரியான கலப்பினங்கள். அவை கெட்டவை அல்ல, ஆனால் எந்தப் பெயருக்கு எந்த விலை என்று தெரிந்து வாங்க வேண்டும்.

இரண்டுக்கும் நடுவே நம் ஊரிலேயே ஒரு வழி இருக்கிறது. கூறு போடுவது. பண்டிகைக்குப் பத்து வீடு சேர்ந்து, வளர்த்தவரைத் தெரிந்த ஒரு ஆட்டை வாங்கி, அறுக்கத் தெரிந்தவரை வைத்து அறுத்து, சமமாகப் பங்கிடுகிறார்கள். 22 கிலோ ஆட்டில் பத்துக் கிலோ கறி. அதே அளவுக்கு பிராய்லர் என்றால் ஏழெட்டு உயிர். பண்டிகைக்கு மட்டுமல்லாமல் மாதம் ஒருமுறை இதைச் செய்யும் தெருக்களில், இடைப்பட்ட வாரங்களில் கறி குறைந்துவிடுகிறது. அதனாலும் கணக்கு இறங்குகிறது.

வளர்த்துவிட்டு அறுக்க முடியாமல் போகிறவர்களும் உண்டு. நீலகிரியில் எருமையோடே வாழும் தோடர்கள் கறி உண்பதில்லை. பாலோடு நிறுத்திக்கொண்டார்கள், வளர்ப்பது தின்பதற்குத்தான் என்ற கட்டாயம் ஒன்றும் கிடையாது. ஆனால் முடிவைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போனால் நடப்பது இது. பொரித்ததில் பாதி சேவல். எட்டாவது மாதம் ஐந்து சேவல் ஒரு கொட்டிலில் நிற்கும். சண்டையில் கொண்டை கிழியும், பெட்டைகளின் முதுகு மிதிபட்டு இறகு உதிரும். ஒவ்வொன்றும் நாளைக்கு நூற்றிருபது கிராம் தின்னும், வருடத்துக்கு 44 கிலோ. ஆகவே குஞ்சு பொரித்த அன்றைக்கே காலண்டரில் ஐந்தாவது மாதத்துக்கு நேரே ஒரு தேதியைக் குறித்து, யார் அறுப்பது என்று பக்கத்தில் பெயரையும் எழுதிவிடுங்கள். எழுதப் பெயர் கிடைக்கவில்லையென்றால் அடுத்த அடைக்கு முட்டை வைக்காதீர்கள்.